பெயருக்கு முன்னால் ஒரு காலி இடம்

செய்தி வந்தபோது திருப்பதி அலுவலகத்தில் ஒரு லேபிள் அச்சிடும் பெட்டியைத் திறந்துபோட்டு உள்ளே ரோலரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காலை பதினொரு மணி இருக்கும். பூங்கொடியின் தம்பி முருகேசன், ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்து ஒரு வரி அனுப்பியிருந்தான்: "அக்காவ வூட்டுக்கு எத்துக்கினு போறோம் சார்."

காய்ச்சல் என்று சித்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவரைச் சேர்த்து மூன்று நாள் ஆகியிருந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், நல்லது என்று நினைத்தேன். கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன். அதோடு விட்டேனா? "திங்கக்கிழமை வருவாங்களா?" என்றும் கேட்டுவைத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஆளை என்றால் 'இட்டுக்கினு' போவோம். பொருளைத்தான் 'எத்துக்கினு' போவோம். நான் திருத்தணிக்காரன், இது எனக்குத் தெரியாததல்ல. அந்தச் சொல் கண்ணில் பட்டது. அவசரத்தில் தப்பாக அடித்துவிட்டான் என்று நானே திருத்திப் படித்துக்கொண்டேன். அவன் தப்பாக அடிக்கவில்லை. ஆறு நிமிடம் கழித்து அடுத்த வரி வந்தது. "நாளைக்கு காலைல எடுக்கறோம் சார். கார்வேட்டிநகரம் வந்துருங்க."

பூங்கொடிக்கு முப்பத்தொரு வயது.

துக்கம் உடனே வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். முதலில் வந்தது பயம். அந்த மருத்துவமனையில் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் குழாய்களின் மேல் ஒட்டும் லேபிளை அச்சிடுவது எங்கள் நிறுவனத்தின் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் ஓடுவது நான் எழுதிய நிரல். அந்த நிரல் சில நேரம் பெயரில் ஓர் எழுத்தை விழுங்குகிறது என்று நான்கு மாதத்துக்கு முன் பிழைக்குறிப்பு எழுதியவர் பூங்கொடி. 'எனக்கு அப்படி வரவில்லை' என்று மூன்று சொல் எழுதி அதை மூடிவைத்தவன் நான். அந்தக் குழாயில் அவர் பெயர் எப்படி வந்தது? அதனால் ஏதாவது தாமதமானதா? அந்தக் காலையிலிருந்து வேறு எதையும் நான் நினைக்கவில்லை.

அவருடைய பதினாறாம் நாளுக்குள் அலுவலகத்தில் ஆளுக்குக் கொஞ்சம் எழுதித் தொகுத்து வீட்டாரிடம் கொடுப்பது என்று முடிவானது. படிக்கப்போகிறவர்களில் பாதிப்பேர் நிரல் எழுதாதவர்கள். ஆனாலும் அந்தப் பிழையைச் சொல்லாமல் பூங்கொடியைப் பற்றி என்னால் எழுத முடியாது.

அவர் எங்களிடம் சோதனையாளராகச் சேர்ந்த முதல் வாரம். தன் பெயரைத் தமிழில் அடித்து அச்சிட்டார். வெறும் லேபிள் வந்தது. மறுபடி அடித்தார். மறுபடியும் வெறும் லேபிள். கீபோர்டை மாற்றாமல் அடித்திருப்பார் என்று சொல்லிவிட்டு நான் திரும்பிக்கொண்டேன். அவர் போகவில்லை. வெறும் லேபிளை என் மேசையில் ஒட்டினார்.

"இதுல இன்னா எழுதியிருக்குது, படி."

"ஒண்ணும் இல்ல."

"அதான் எம் பேரா?"

கணினியில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழுக்கும் தெலுங்குக்கும் மூன்று வேண்டும். 'டி' என்று நாம் ஒன்றாகப் பார்ப்பது கணினிக்கு ட ஒன்று, கொக்கி ஒன்று, ஆக ஆறு பைட். வரிசையாக வரும் இந்தப் பைட்டுகளைச் சரியான இடத்தில் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரே அளவுள்ள பெட்டியில் போட்டால்தான் எதை எங்கே அச்சிடுவது என்று நிரலுக்குத் தெரியும். அந்த ஒரே அளவுப் பெட்டிதான் அகல எழுத்து. இப்படி மாற்றித்தர சி மொழியில் தயாராகவே செயற்கூறுகள் இருக்கின்றன. ஆனால் எந்த ஊர் எழுத்துமுறை என்று நிரலின் தொடக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். நான் அந்த வரியை எழுத மறந்திருந்தேன். செயற்கூறோ ஒவ்வொரு முறையும் மைனஸ் ஒன்று என்று பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. 'புரியவில்லை' என்று அதற்குப் பொருள். அந்தப் பதிலை நான் வாங்கிவைத்த இடம் மைனஸ் என்பதே அறியாதது. அங்கே மைனஸ் ஒன்று மிகப் பெரிய எண்ணாகிவிடும். பூஜ்யத்துக்குக் கீழே போனதா என்று பார்த்தேன், போகவேயில்லை.

இதைப் பூங்கொடிக்கு விளக்கினேன். அவர் நிரல் எழுதப் படித்தவரல்ல. கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கேள்விய கேட்டுட்டு பதில் வர்றதுக்குள்ள எழுந்து போயிடுது உன் புரோகிராம்."

"சின்ன மிஸ்டேக்."

"புரோகிராம் இன்னா பண்ணும் பாவம். பெத்தவன் புத்தி."

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த சண்டை தலைப்பெழுத்தால் வந்தது. அவர் நைனா என்று கூப்பிடும் அப்பாவின் பெயர் முனிரத்தினம். பள்ளியிலிருந்து பட்டம் வரைக்கும் எல்லாச் சான்றிதழும் தெலுங்கில். வீட்டில் எழுதுவது தமிழ். கையெழுத்துப் போடும்போது முதலில் தெலுங்கு 'மு', பிறகு புள்ளி, பிறகு தமிழில் பூங்கொடி. சோதனைக்கும் அப்படியேதான் அடிப்பார். தெலுங்கு லேபிளுக்கு ஒரு எழுத்துரு, தமிழ் லேபிளுக்கு ஒன்று என்று நான் ஒரு லேபிள் முழுக்க ஒன்றையே வைத்திருந்தேன். அவர் பெயர் வந்தால் பாதி கட்டம் கட்டமாக வரும்.

"யாருங்க ஒரே பேர ரெண்டு மொழியில அடிப்பாங்க? ஏதாவது ஒண்ணு வைங்க."

"எங்க ஊர் பக்கம் வந்து பாரு. கார்வேட்டிநகரத்துல இருந்து புத்தூர் வரைக்கும் பாதி ஜனம் அப்டித்தான். ரேசன் கார்டுல ஒண்ணு, வூட்ல ஒண்ணு. அதுக்காவ ரெண்டு ஆளா?"

மேலாளர் தெலுங்குக்காரர். எங்கள் அறைவாசலில் நின்று தினமும் ஒரே கேள்விதான் கேட்பார்: "ஏமய்யா, அயிபோயிந்தா?" முடிந்ததா என்று. நான் எப்போதும் "அயிபோயிந்தி சார்" என்பேன், முடிந்திருந்தாலும் முடியாவிட்டாலும். அன்றைக்கும் அப்படியே சொன்னேன். பின்னாலிருந்து பூங்கொடி, "எம் பேரு இன்னும் முடியல சார்" என்றார். எழுத்துக்கு எழுத்து எழுத்துருவை மாற்ற எனக்கு இரண்டு வாரமானது. திட்டிக்கொண்டேதான் செய்தேன். பிற்பாடு சித்தூரில் பெட்டியைப் பொருத்திய முதல் நாளே இப்படி இரண்டு மொழி கலந்த பெயர்கள் ஏழெட்டு வந்தன. அதை நான் பூங்கொடியிடம் சொல்லவில்லை.

இனி அந்தப் பிழைக்கு வருகிறேன்.

பெட்டியைப் பொருத்திய பிறகு ஒருநாள், நேரில் ஓட்டிப் பார்க்கப் பூங்கொடி சித்தூருக்குப் போய்வந்தார். கையில் பத்துப் பன்னிரண்டு லேபிள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் எழுத்து இல்லை. குமாரி 'குமார' என்று இருந்தது. சாந்தி 'சாந்த' என்று இருந்தது. இல்லாத எழுத்தை எல்லாம் சிவப்புப் பேனாவால் போட்டிருந்தார்.

"பேருக்கு முன்னால ஒரு ஸ்பேஸ் போட்டா சரியாவுது. சிலதுக்கு ரெண்டு போடணும். எடுத்தா மறுபடி போயிடுது. இன்னா கணக்கு இது?"

என் கணினியில் அதே பெயர்களை ஓட்டினேன். ஒன்றில்கூட எழுத்து போகவில்லை.

"இங்க வரலையே."

"அங்க வருதே."

"அங்க கேபிள் ஏதாவது லூஸா இருக்கும்."

"கேபிளு லூஸானா குமாரிக்கு மட்டும் கொக்கி போவுமா?"

விஷயம் இதுதான். என் கணினி கவளம்போல ஒரே வாயில் நாலாயிரம் பைட் படிக்கும். அந்தச் சின்னப் பெட்டி அறுபத்துநான்கு அறுபத்துநான்காகத்தான் படிக்கும். பதிவெண், வயது, வார்டு எல்லாம் கழிந்து, அறுபத்துநான்காவது பைட் ஓர் எழுத்தின் நடுவில் விழுந்தால், அந்த எழுத்தில் பாதி இந்த வாயிலும் மீதி அடுத்த வாயிலும் வரும். பெயருக்கு முன்னால் ஓர் இடைவெளி போட்டால் எல்லாம் ஒரு பைட் தள்ளிப்போய், வெட்டு எழுத்தின் நடுவில் விழாமல் தப்பிவிடும். mbrtowc என்ற செயற்கூறு இதற்கென்றே ஒரு தனிப் பதில் வைத்திருக்கிறது: மைனஸ் இரண்டு. வந்தவரை சரி, இன்னும் முழுசாக வரவில்லை என்று அதற்குப் பொருள். வந்த பாதியை அது நிலை என்ற ஒரு சின்ன இடத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டு மீதிக்காகக் காத்திருக்கும். நானோ ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் அந்த நிலையைத் துடைத்துப் பூஜ்யமாக்கினேன். சுத்தமாகத் தொடங்குவது பாதுகாப்பு என்று நினைப்பு. மைனஸ் ஒன்றா மைனஸ் இரண்டா என்றும் பார்க்கவில்லை. இரண்டையும் தள்ளிவிடு என்று எழுதியிருந்தேன்.

இவ்வளவும் இப்போது தெரிகிறது. அன்றைக்கு அந்த இரண்டு பதில்களைப் பற்றி மட்டும்தான் அவரிடம் சொன்னேன், அதுவும் வாயை அடைப்பதற்காக. அவர் விடவில்லை.

"ஒண்ணு தப்பு. இன்னொண்ணு பாதிதான் வந்துருக்குது. அப்டித்தான?"

"ஆமா."

"அப்ப ரெண்டையும் ஏன் ஒரே குப்பையில போடுற?"

"மீதி வரும் வரும்னு யாரு ஒக்காந்துக்கினு இருப்பாங்க?"

"பஸ்ஸுக்கு ஒக்கார மாட்ட? புத்தூர் பஸ்ஸு வர்லன்னா அது தப்பு பஸ்ஸா? வந்துக்கினு இருக்குதுன்னு அர்த்தம்." எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார். "மறந்து மறந்து படிக்குதுப்பா உன் புரோகிராம்."

நிலையைத் துடைக்கிறேன் என்பதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. அந்த லேபிள்களை மட்டும் பார்த்தே கண்டுபிடித்துச் சொன்னார். அன்று மாலையே குறிப்பை மூடினேன். இரண்டு வரி மாற்றினால் போதும் என்று இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு அதற்கு வேண்டியது அரைமணி நேரப் பொறுமை.

எடுக்கும் அன்று காலை திருப்பதியிலிருந்து புத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்து அவர் பெயரை எண்ணிக்கொண்டே போனேன். தெலுங்கு 'மு' ஆறு பைட். புள்ளி ஒன்று, இடைவெளி ஒன்று. பூங்கொடி இருபத்துநான்கு. ஆக முப்பத்திரண்டு. அதற்கு முன்னால் எத்தனை? பதிவெண் நீளம் தெரியும், வயது தெரியும், வார்டின் பெயர் தெரியாது. பொது வார்டானால் ஒரு கணக்கு, தீவிர சிகிச்சையானால் வேறு கணக்கு. மூன்று வாய்ப்பில் இரண்டில் எழுத்து போகும், ஒன்றில் தப்பும். விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தவனைப் பக்கத்து சீட்டு அம்மாள் ஜபம் பண்ணுகிறான் என்று நினைத்திருக்க வேண்டும், ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தார்.

வீட்டில் அவருடைய நைனாவிடம் யாரோ என்னைக் காட்டி ஆபீஸ்காரர் என்றார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மாந்தோப்பு வேலையில் காய்த்துப்போன கை.

"பேரு சரியா வருதான்னு பாக்கற வேலைன்னு சொல்லிக்கினு இருந்துச்சு சார். அது ஒரு வேலையாம்மான்னு கேட்டா சிரிக்கும்."

அவராக விடும்வரை கையை அப்படியே கொடுத்திருந்தேன்.

எல்லாம் முடிந்ததும் முருகேசனைத் தனியே கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் லேபிளால் ஏதாவது பிரச்சினை வந்ததா என்று கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை. "ரெண்டாவது நாளு ரத்தத்த கீழ இருந்து திருப்பி அனுப்புனாங்க சார், பேரு சரியில்லன்னு" என்றான். அங்கிருந்தே சித்தூர் பஸ் ஏறினேன்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருப்பவர் எனக்குப் பழக்கமானவர். பெட்டியைப் பொருத்த நான் போயிருந்தபோது கூடவே நின்று காபி வாங்கிக்கொடுத்தவர். பெயரைச் சொன்னதும் அவருக்கு நினைவிருந்தது.

"பூங்கொடன்னு வந்துச்சு சார். சீட்டுல பூங்கொடின்னு இருக்குது, குழாய்ல கொக்கி இல்ல. பேரும் நம்பரும் ரெண்டும் ஒத்துப்போவணும், இல்லன்னா மேல அனுப்பிடணும், அது ரூலு. அனுப்பிட்டேன். மறுபடி அடிச்சாங்க, மறுபடி அப்டியே வந்துச்சு."

"அப்பறம்?"

"அந்தம்மா படுத்துக்கினே நர்ஸுகிட்ட சொல்லியிருக்குது. பேருக்கு முன்னால ஒரு காலி எடம் வுட்டு அடிங்க, வரும்னு. அடிச்சாங்க, வந்துடுச்சு. எப்டி தெரியும்னு கேட்டதுக்கு, அந்த மிஷின எனக்கு சின்ன வயசுலருந்து தெரியும்னு சொல்லிச்சாம்." அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "உங்க ஆபீஸா சார்? சொல்லவே இல்லியே."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"எதுக்கு?"

"திருப்பி அனுப்பி, மறுபடி வர்றதுக்கு."

"பத்து நிமிசம். பன்னண்டு வெச்சிக்கோங்க. இதால ஒண்ணும் ஆவல சார். அதுக்கு முன்னாலயே பிளேட்லெட் ஏத்தச் சொல்லிட்டாங்க. இது சும்மா எவ்ளோ ஏறிக்கீதுன்னு பாக்கற டெஸ்டு. நீங்க மனச போட்டு ஒழப்பிக்காதீங்க."

உண்மையாகத்தான் சொன்னாரா, என் முகத்துக்காகச் சொன்னாரா, தெரியவில்லை. இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அதையே சொன்னார். மூன்றாம் முறை கேட்கத் துணிவு வரவில்லை. மருத்துவரையும் பார்த்தேன். அந்தப் பத்து நிமிடம் ஒரு கணக்கே இல்லை என்றார். காய்ச்சல் முற்றிய பிறகுதான் வந்தார்கள் என்றார். நம்புகிறேன். நம்பிய பிறகும் சில காலைகளில் எழுந்ததும் முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பத்து நிமிடம்தான். அவர் காய்ச்சலோடு படுத்துக்கொண்டு, நான் செய்யாத வேலையைச் செய்துகொண்டிருந்த பத்து நிமிடம்.

திருப்பதி திரும்பியதும் செய்த முதல் வேலை, மூடிய குறிப்பைத் திறந்தது. 'எனக்கு அப்படி வரவில்லை' என்ற என் சொற்களுக்குக் கீழே, 'வருகிறது. தவறு என்னுடையது' என்று எழுதினேன். நிலையைத் துடைக்கும் வரியை எடுத்தேன். மைனஸ் இரண்டுக்குத் தனி வழி விட்டேன். மேசையில் பெரிய கணினியை நம்பாமல், அதே சின்னப் பெட்டியை வைத்து, அவர் பெயரை முன்னால் ஒரு பைட், இரண்டு பைட், மூன்று பைட் என்று அறுபத்துநான்கு வரை தள்ளித் தள்ளி அச்சிட்டேன். அறுபத்துநான்கு பூங்கொடி. ஒவ்வொன்றிலும் கொக்கி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. மறுபடி பார்த்தேன்.

மேலாளர் வாசலில் வந்து நின்றார். "ஏமய்யா, அயிபோயிந்தா?"

"இங்கா லேது சார்" என்றேன். இன்னும் இல்லை. மூன்று வருடத்தில் அந்தப் பதிலை அவர் என்னிடம் கேட்டதில்லை. திரும்பித் தன் அறைக்குப் போனார். எல்லா ஊர்ப் பெட்டிகளிலும் நானே போய்ப் புது நிரலை ஏற்றிவிட்டு, ஒன்பது நாள் கழித்துத்தான் முடிந்தது என்று சொன்னேன்.

முருகேசனுக்கு நான் அனுப்பிய கட்டைவிரல் இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது. அழிக்கலாம். அழித்தால் அவனிடமும் போய்விடும். ஆனால் அவன் அதைப் பார்த்துவிட்டான். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், பாதி மெசேஜு அனுப்புனது நாந்தான" என்றான். அக்காவின் தம்பி.

மருத்துவமனைக் காகிதங்களில் ஒட்டியிருந்த ஒரு லேபிளை அவனிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அது என் அடையாள அட்டையின் பின்பக்கம் இருக்கிறது. பதிவெண், வயது, வார்டு, பிறகு தெலுங்கில் மு, தமிழில் பூங்கொடி. கொக்கி உட்பட எல்லா எழுத்தும் இருக்கிறது. பெயர் மட்டும் மற்ற வரிகளோடு சேராமல் ஓர் எழுத்து அகலம் உள்ளே தள்ளி நிற்கிறது. இப்போதுள்ள நிரலுக்கு அந்த இடம் தேவையில்லை. முன்னால் எதுவும் விடாமலே அவர் பெயர் முழுசாக வரும்.

அவர் விட்ட அந்தக் காலி இடத்தைத்தான் நான் வைத்திருக்கிறேன்.